அறுபது தாண்டினால் சர்க்கரை சகஜம்தானா?

அப்பாவுக்கு 68 வயது, ஒல்லியான உடல்வாகு, இனிப்பைத் தொடாதவர். கண்புரை அறுவைக்காக ரத்தம் எடுத்தபோது சாப்பிடுமுன் 138, ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) 7.4 என்று வந்திருக்கிறது. அவரோ, "இந்த வயதில் யாருக்குத்தான் இல்லை, விடு" என்கிறார். உண்மையிலேயே வயதானவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இனிப்பே சாப்பிடாத ஒல்லி மனிதருக்கு அது எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கும் 59 வயதில் வந்தது. அப்பா சொல்லும் அந்த வாக்கியத்தை நானே என் மனைவியிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை.

முதலில் அந்த இரண்டு எண்கள். சாப்பிடுமுன் 126, அல்லது ஹெச்பிஏ1சி 6.5, அல்லது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200. இவற்றைத் தொட்டால் நீரிழிவு. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்லக் கூடாது, இன்னொன்றும் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு ஒரே ரத்தத்தில் இரண்டு வெவ்வேறு அளவுகளும் வரம்பைத் தாண்டியிருக்கின்றன, அதனால் உறுதி என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு ஹெச்பிஏ1சி எண்ணை உள்ளதைவிட உயர்த்திக் காட்டும். ரத்த இழப்பும் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களும் அதைத் தாழ்த்திக் காட்டும். முதியவர்களில் ரத்தசோகை மிகுதி என்பதால் அந்த ஒற்றை எண்ணை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் சரியாக இருக்காது.

இனி எத்தனை பேருக்கு என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு இரண்டு விடைகள் உண்டு. "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா?" என்று கேட்டு எண்ணினால் ஒன்று, ரத்தம் எடுத்துப் பார்த்து எண்ணினால் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் உங்கள் அப்பா போன மாதம் வரை இருந்தார்.

இந்தியாவில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வு, லாசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வு. அதன் முதல் சுற்று 2017–18இல் நடந்தது, 72,000க்கும் மேற்பட்டவர்களிடம் போனார்கள். "மருத்துவர் உங்களுக்கு நீரிழிவு என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?" என்று கேட்டபோது, 60 வயதைத் தாண்டியவர்களில் 14.2 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஏழு பேரில் ஒருவர். அதே ஆய்வில் சேகரித்த ரத்தத்துளிகளில் ஹெச்பிஏ1சி பார்த்து 2025இல் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. அவர்களில் ஐந்துக்கு இரண்டு பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. நகரத்தில் கிராமத்தைப் போல இரண்டு மடங்கு. தெரிந்தவர்களிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே கட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

ஆக, "யாருக்குத்தான் இல்லை" என்ற அப்பாவின் கணக்கு தப்பு. ஐந்தில் நான்கு பேருக்கு இல்லை! ஆனால் அவர் வேறொரு வகையில் சரியாகச் சொல்கிறார் என்றும் தோன்றுகிறது. அவர் காலையில் பேசிக்கொண்டிருக்கும் நண்பர் வட்டம் நகரத்து ஓய்வூதியக்காரர்களால் ஆனது என்றால், அங்கே மூன்றில் ஒருவர் மாத்திரை டப்பாவை எடுப்பதைப் பார்த்திருப்பார்.

வயது வந்த எல்லாரையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஐசிஎம்ஆர்–இந்தியாப். 2008 முதல் 2020 வரை மாநிலம் மாநிலமாகச் சென்று, 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரைச் சோதித்தார்கள். 2023இல் முழு முடிவு வந்தது. நாடு முழுக்க 11.4 சதவீதம் நீரிழிவு, 15.3 சதவீதம் நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள். தலைக்கணக்கில் முறையே 10 கோடியே 10 லட்சம், 13 கோடியே 60 லட்சம். கோவாவில் 26.4, புதுச்சேரியில் 26.3, கேரளத்தில் 25.5, தமிழ்நாட்டில் 14.4, உத்தரப் பிரதேசத்தில் 4.8. கேரளமும் புதுச்சேரியும் முன்னால் நிற்பதற்கு வசதியும் நகரமயமும் ஒரு காரணம் என்றால், மக்கள்தொகையில் முதியவர்கள் அதிகம் என்பது இன்னொரு காரணம். கேரளத்தில் 2021 கணிப்பின்படி நூற்றுக்குப் பதினாறு பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். தமிழ்நாடு அதற்கு அடுத்த வரிசையில், பதின்மூன்றைத் தாண்டிவிட்டது.

இதை வெறும் முதுமைக் கணக்காக மட்டும் பார்க்க முடியாது என்பதற்குச் சென்னையே சாட்சி. அந்நகரில் வயது வந்தோரிடம் அடுத்தடுத்து நடந்த ஆய்வுகளில் 1989இல் 8.3 சதவீதம், 1995இல் 11.6, 2000இல் 13.5, 2004இல் 14.3 என்று ஏறியது. பதினைந்து ஆண்டில் ஓர் ஊரின் மக்கள் அவ்வளவு கிழவர்களாகிவிடவில்லை. வேறு ஏதோ மாறியிருக்கிறது. அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

உலக அளவில் வயது கூடக் கூட விகிதம் ஏறிக்கொண்டே போய், 75 முதல் 79 வயதுக்காரர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்று உச்சத்தைத் தொடுகிறது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களில் 29 சதவீதம். இந்தியாவில் வரைகோடு வேறு மாதிரி போகிறது. 25 வயதிலிருந்தே ஏறத் தொடங்கி, 65க்குப் பிறகு சற்று இறங்குகிறது. இதைப் பார்த்து, எழுபதைத் தாண்டினால் நம்மவர்களுக்குச் சர்க்கரை குறைகிறது என்று ஒரு பேரவைக் கூட்டத்தில் ஒருவர் மகிழ்ச்சியோடு பேசக் கேட்டிருக்கிறேன். நாற்பதுகளில் நோய் வந்தவர்களில் பலர் மாரடைப்பாலும் சிறுநீரகச் செயலிழப்பாலும் எழுபதை எட்டாமலே போய்விடுகிறார்கள். எண்ணுவதற்கு எஞ்சியிருப்பவர்கள் தப்பியவர்கள். வரைகோடு இறங்குவதற்கு இதுவே முக்கியமான விளக்கம்.

இனி, அப்பாவுக்கு ஏன் வந்தது?

நாம் சாப்பிடும் சோறு குளுக்கோஸாகி ரத்தத்தில் சேர்ந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் குளுக்கோஸைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்களில் மிகப் பெரியது தசை. தொடை, பிட்டம், முதுகு இவற்றின் தசைகளைச் சர்க்கரைக்கான குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதைத் தாண்டியதும் பத்தாண்டுக்கு மூன்று முதல் எட்டு சதவீதம் வரை தசை குறைகிறது என்பது பொதுவான மதிப்பீடு. அறுபதுக்குமேல் இன்னும் வேகம். அறுவடை அதேதான், குதிர் மட்டும் ஆண்டுக்காண்டு சிறியதாகிறது. மிஞ்சிய நெல் முற்றத்தில்தான் கிடக்கும்.

கணையத்தின் சுரப்பும் வயதோடு மந்தமாகிறது. குறிப்பாகச் சாப்பிட்டவுடன் பாயவேண்டிய முதல் அலை தாமதமாக வருகிறது. அதனால்தான் முதியவர்கள் பலருக்குச் சாப்பிடுமுன் பார்த்தால் சர்க்கரை சாதுவாக இருக்கும், சாப்பிட்ட பின் 220 இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு "எனக்கு ஒன்றுமில்லை" என்று முகாமிலிருந்து திரும்பும் பெரியவர்கள் எத்தனையோ பேர்.

தசை போகும் இடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. எடை ஏறாது, இறங்கக்கூடச் செய்யலாம். பார்ப்பவர்கள் ஒல்லி என்பார்கள். அப்பாவின் சட்டையைக் கழற்றச் சொல்லி, தொப்புள் மட்டத்தில் ஒரு தையல்காரர் நாடாவை வைத்துச் சுற்றளவை எடுத்துப் பாருங்கள். நம் நாட்டவர்களுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. குச்சி போன்ற கை கால்களும் நடுவில் ஒரு சிறு பானையுமாக நிற்கும் எங்கள் தலைமுறை ஆண்களை எடை இயந்திரம் ஏமாற்றிவிடும், நாடா ஏமாற்றாது. வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றியிருக்கும் கொழுப்பு இன்சுலினின் பேச்சைக் கேட்கவிடாமல் செய்கிறது. இந்த உடல்வாகு பிறப்பிலிருந்தே தொடங்குகிறது என்பதைப் புனேயில் நடந்த குழந்தைகள் ஆய்வுகள் காட்டின. எடை குறைவாகப் பிறக்கும் இந்தியக் குழந்தையிடம் தசை குறைவு, கொழுப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. 1950களில் அரைப்பட்டினியில் பிறந்த ஒருவர் 1990களில் மூன்று வேளைச் சோற்றோடும் ஸ்கூட்டரோடும் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னையின் எண்களில் பார்த்துவிட்டீர்கள்.

"இனிப்பே சாப்பிடமாட்டார்" என்பதற்கு வருகிறேன். மருத்துவமனையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். காலையில் ஐந்து இட்லி, மதியம் குவித்த சோறு, நாலு மணிக்குக் காபியோடு ரஸ்க், இரவு நான்கு தோசை. இதில் ஜாங்கிரி எங்கும் இல்லை, ஆனால் நாள் முழுக்க மாவு. 2025இல் வெளிவந்த இந்தியாப் உணவு ஆய்வின்படி இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதற்கு முன் 2020இல், 21 நாடுகளில் 1,30,000க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று, வெள்ளை அரிசி அதிகம் உண்பதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாக இருக்கிறது என்று கண்டது.

சோற்றை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் களிக்கும் சப்பாத்திக்கும் மாறினால் போதும் என்று அடுத்த வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த 2025 ஆய்விலேயே அதற்கும் பதில் இருக்கிறது. மொத்த மாவுச்சத்தின் அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று இடம் மாற்றியவர்களுக்கு ஆபத்து குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைப் பருப்பு, பயறு, பால், தயிர் போன்ற புரதத்துக்கு மாற்றினால் குறையும் என்று கணக்கு காட்டியது. கூழாகக் கரைத்துக் குடிக்கும் கேழ்வரகு சர்க்கரையை ஏற்றுவதில் அரிசிக் கஞ்சிக்கு அதிகம் இளைத்ததல்ல.

இதில் முதியவர்களுக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. அதை யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. பல் போனால் உணவு மாறும். கடித்துத் தின்னும் சுண்டல், கறி, காய், பச்சை வெள்ளரி ஒவ்வொன்றாகத் தட்டை விட்டுப் போகும். குழைந்த ரசம் சாதம், கஞ்சி, பாலில் நனைத்த பன் இவை வந்து உட்காரும். தனியாக இருக்கும் பாட்டிகள் "எனக்கு ஒரு வாய் மோர்சாதம் போதும்" என்று இரண்டு வேளையை முடித்துவிடுவார்கள். புரதம் குறைகிறது, தசை இன்னும் கரைகிறது, குதிர் இன்னும் சுருங்குகிறது. சர்க்கரை உள்ள பெரியவருக்கு ஒரு நல்ல பல்செட் செய்து கொடுப்பதும் வைத்தியம்தான் என்பது என் கட்சி.

ஓய்வு பெறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் நிறுத்தம் வரை நடை, அலுவலகத்து மாடிப்படி, மாலையில் காய்கறிப் பை. இவை உடற்பயிற்சி என்று எவரும் எண்ணியதில்லை. 58இலோ 60இலோ ஒரு நாள் அத்தனையும் நின்றுபோகும். ரேஷன் கடைக்குப் பேரன் போவான். "அப்பா கஷ்டப்பட்டது போதும், உட்காரட்டும்" என்று பிள்ளைகளும் அன்போடு நாற்காலியைப் போடுவார்கள். அந்த நாற்காலிமேல் எனக்குக் கோபம் உண்டு.

பரம்பரை: அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் வாய்ப்பு கூடுகிறது, இருவருக்கும் இருந்தால் இன்னும். பெரியவர்கள் "எங்கள் வம்சத்திலேயே கிடையாது" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவர்களுடைய பெற்றோர் காலத்தில் சோதித்தது யார்? காலில் புண் ஆறாமல் இறந்த தாத்தா, கடைசியில் இளைத்துக் கறுத்துப்போன பாட்டி என்று கேட்டுப் பாருங்கள், கதை வெளிவரும். அம்மாக்களிடம் இன்னொரு கேள்வி: கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறியிருந்ததா, பிறந்த குழந்தை மிகப் பெரிதாக இருந்ததா? அதன் நிழல் முப்பது ஆண்டு கழித்தும் விழும்.

புகை, ஆபத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறது. உயர் ரத்த அழுத்தமும் கொழுப்பும் நீரிழிவுக்குக் கூடப் பிறந்தவை போல, ஒன்று இருக்கும் வீட்டில் மற்றதும் இருக்கும். தூக்கக் குறைவும் குறட்டையோடு மூச்சு நிற்கும் நோயும் பட்டியலில் உண்டு.

மருந்தால் ஏறும் சர்க்கரையைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முதியவர் வீட்டில் மாத்திரைப் பெட்டி பெரியது. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். சில மனநோய் மருந்துகளும், ரத்த அழுத்தத்துக்கான சிலவகை நீர்போக்கி மாத்திரைகளும் ஓரளவு ஏற்றும். கொழுப்புக்கான ஸ்டாடின் மிகச் சிறிதளவு ஏற்றும். ஆனால் அது இதயத்துக்குச் செய்யும் நன்மையின் முன் அந்த ஏற்றம் ஒன்றுமில்லை, அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு அதிகம் பயம் தருவது, மூட்டுவலிக்கு "நாட்டு மருந்து" என்று பெயர் ஊர் எழுதாத பொட்டலத்தில் வரும் தூள். இரண்டே நாளில் வலி பறந்தது என்று சொன்னால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அப்பா அப்படி ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கோபப்படாமல் விசாரியுங்கள். கோபப்பட்டால் ஒளித்துவைத்துச் சாப்பிடுவார்.

இவ்வளவையும் தொகுத்து மதிப்பெண் போடச் சென்னையிலேயே உருவான ஓர் எளிய முறை இருக்கிறது, 2005இல் வெளியானது. இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் என்று பெயர். வயது 35க்குக் கீழே சுழியம், 35 முதல் 49 வரை 20, 50க்குமேல் 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90க்குள், பெண்ணுக்கு 80க்குள் என்றால் சுழியம், அதற்குமேல் பத்து செ.மீ. வரை 10, அதையும் தாண்டினால் 20. கடும் உடலுழைப்பு இருந்தால் சுழியம், குறையக் குறைய 10, 20, ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்தே இருந்தால் 30. பெற்றோரில் ஒருவருக்கு நோய் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60ஐத் தொட்டால் ஆபத்து அதிகம், கட்டாயம் ரத்தம் பார்க்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்றால், தொப்பையும் பரம்பரையும் இல்லாமலேயே 60 வந்துவிடுகிறது என்பதைக் கவனித்தீர்களா? வயதை மாற்ற முடியாது. மற்ற மூன்றில் இரண்டு நம் கையில்.

ஒரு அறிகுறியும் இல்லையே என்று வியந்திருந்தீர்கள். தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இழப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும் மூன்றும் இளையவர்களுக்குப் பொருந்தும். ரத்தத்தில் சர்க்கரை 180 அளவைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். வயதாக ஆக அந்த மதகின் உயரம் கூடுகிறது, அதனால் சிறுநீரில் சர்க்கரை தாமதமாகவே வரும். தாக உணர்ச்சியும் வயதில் மங்கிவிடும். இரவில் நான்கு முறை எழுந்தால் "புராஸ்டேட்" என்று முடித்துவிடுவார்கள், சோர்வாக இருந்தால் "வயசாச்சு" என்பார்கள். முதியவர்களிடம் நோய் வேறு வேடத்தில் வருகிறது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று, அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஆறாத படர்தாமரை, பிறப்புறுப்பில் அரிப்பு, கால் எரிச்சல், மறதி, காரணமில்லாமல் தடுமாறி விழுவது, ஆடிப்போகும் பற்கள். சிலருக்குக் காசநோயோடு சேர்ந்து வெளிப்படும். நீரிழிவு காசநோய்க்கான வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. கண்புரையும் அப்படித்தான். அப்பாவின் கண்புரையே ஒருவேளை சர்க்கரை சில ஆண்டுகளாக இருந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கையைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, மருத்துவர்களே மறந்துவிடுவதால் சொல்கிறேன். அறுபதைத் தாண்டியவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்து, கூடவே சில மாதங்களில் எடை வேகமாகக் குறைந்து, பசி போய், மேல்வயிறோ முதுகோ வலித்தால் கணையத்தை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஐம்பதுக்குமேல் புதிதாக நீரிழிவு கண்டவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்றுநோய் வெளிப்பட்டதாக அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் அது கிடையாது. அப்பாவுக்கு எடை குறையவில்லை என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

மருந்து தொடங்கும்போது இன்னொரு பக்கம் ஓர் அபாயம் இருக்கிறது. இளையவருக்கு 6.5க்கு இறக்கு, 6க்கு இறக்கு என்று விரட்டுவதைப் போல முதியவரை விரட்டக் கூடாது. திடமாக நடமாடும் 68 வயதுக்காரருக்கு ஹெச்பிஏ1சி 7 முதல் 7.5 வரை போதும். பல நோய்களோடு, பிறர் உதவியில் இருப்பவருக்கு 8 வரை விடலாம். அப்பாவின் 7.4 ஏற்கெனவே அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. வயதானவருக்குச் சர்க்கரை 60க்கு இறங்கினால் வியர்வையும் படபடப்பும் வராமலே நேராகக் குழப்பம், உளறல், விழுதல் என்று போய்விடும். வீட்டார் பக்கவாதம் என்று நினைப்பார்கள். கிளிபென்கிளமைடு என்ற பழைய மாத்திரை உடலில் நீண்ட நேரம் நிற்பதால் முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவற்றின் வரிசையில் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமாவின் சீட்டைப் பார்த்து அதே மாத்திரையை வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த மாத்திரையில் அது உயிர் விஷயம். சர்க்கரைக்கு வழக்கமாக முதலில் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையால் சர்க்கரை அப்படித் தாழ்ந்துவிடாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் தலையில் போட்டுவிடுவோம். சைவ உணவுக்காரர் என்றால் இன்னும் சீக்கிரம் பாருங்கள். மருந்துக்குமுன் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்.

நடப்பதால் இந்த வயதில் என்ன ஆகப்போகிறது என்று அப்பா கேட்டால் ஒரு கணக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவில் நீரிழிவின் வாசலில் நின்றவர்களிடம் நடந்து 2002இல் வெளிவந்த பெரிய தடுப்பு ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் வாரத்துக்கு 150 நிமிட நடையும் நோய் வருவதை மொத்தத்தில் 58 சதவீதம் குறைத்தன. அறுபதைத் தாண்டியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 71 சதவீதம். இளையவர்களைவிட அதிகம்! அதே ஆய்வில் இன்னொரு குழுவுக்குக் கொடுத்த மெட்ஃபார்மினோ அந்த வயதில் அவ்வளவு வேலை செய்யவில்லை. சென்னையில் நடந்து 2006இல் வெளியான இந்திய ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம் 28.5 சதவீதம் குறைத்தது. நம் உடல்வாகுக்குப் பலன் சற்றுக் குறைவுதான், ஆனாலும் மருந்துக்குச் சமம், காசும் இல்லை. நோய் வந்துவிட்டவருக்கும் இதே நடைதான் முதல் மருந்து. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது முதியவர்களின் அந்தச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தைக் குறைக்கும். நடையோடு நின்றுவிடாமல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். தொடைத்தசைக்கு அதைவிட எளிய பயிற்சி கிடையாது. காலில் செருப்பு இருக்கட்டும். மரத்துப்போன காலோடு சித்திரை வெயிலில் கோயில் பிரகாரம் சுற்றி, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குச் சுட்டதே தெரியவில்லை.

மாத்திரை வாங்கச் செலவாகும் என்று அவர் தயங்கினால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் பெண்களே வீட்டுக்கு மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். அது தொடங்கிய பின் எங்கள் தெருவில் பலருக்குச் சர்க்கரை "புதிதாக" வந்தது. முன்பே இருந்ததை வாசலில் வந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

உங்களையும் உங்கள் அத்தை, சித்தப்பாக்களையும் மறக்காதீர்கள். அப்பாவுக்கு உறுதியான நாளிலிருந்து உங்கள் மதிப்பெண்ணில் பத்து ஏறிவிட்டது. 35ஐத் தாண்டி, மேசை வேலையில் இருந்தால் வயதுக்கு 20, உட்கார்ந்திருப்பதற்கு 30, பரம்பரைக்கு 10. கூட்டிப் பாருங்கள், நாடாவை எடுப்பதற்கு முன்பே அறுபது.

கண் அறுவையை இந்த எண்ணுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை, 7.4 அதற்குத் தடையில்லை. அறுவைக்குமுன் கண் மருத்துவரிடம் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டதைச் சொல்லி, கண்மணியை விரித்து விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். புரை அடர்த்தியாக இருந்து உள்ளே தெரியவில்லை என்றால், அறுவை முடிந்து சில வாரங்களில் மறுபடி போய்ப் பார்க்க ஒரு தேதியை அப்போதே குறித்து வாங்கிவிடுங்கள். பார்வை தெளிந்துவிட்டால் அப்பா அந்தப் பக்கமே போகமாட்டார்.